தண்டவாளச் சித்தரும் தளும்பும் சொம்பும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஸ்டேஷனில் கால் வைக்க இடமிருக்காது. பாதிக் கூட்டம் ரயிலைப் பார்க்க, மீதிக் கூட்டம் சொம்பைப் பார்க்க. பழங்கால நீராவி ரயில் வாரம் ஒருநாள் பட்டணத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். அவர்கள் வாசலில் இருக்கும் ஆயிரம் வருஷத்து நடுகல்லோடு படம் எடுத்துக்கொண்டு, ஜீப் பிடித்துக் கரியாலூர் அருவிக்குப் போவார்கள். போகிற போக்கில் ஊரையே வாழவைப்பார்கள். மாடு மேய்ந்த இடத்தில் மூன்று லாட்ஜ். டிராக்டர் ஓட்டியவர்களெல்லாம் இப்போது ஜீப் ஓட்டினார்கள். இவ்வளவும் செய்தது ரயில். பெயரைத் தட்டிக்கொண்டு போனது தண்டவாளச் சித்தர்.

நடுகல்லின் தலையில் மல்லிகை சுற்றிய வைக்கோல் பிரிமணை, அதன்மேல் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய சொம்பு. சித்தர் கண்ணை மூடி, "வீரனே, வண்டி வருதா?" என்பார். தண்ணீர் நடுங்கும். கால் மணி நேரத்தில் ரயில் வந்து நிற்கும். அடடா, அதிசயம்! ரயில் எங்கே வருகிறது என்று போனிலேயே பார்க்கலாம்தான். ஆனால் போனில் பார்த்தால் புல்லரிக்காதே! அதோடு சன்னிதியில் எல்லாரும் போனை அணைத்துவிட வேண்டும். வீரனுக்கு ஆகாதாம்.

யார் எங்கே கடை போடுவது என்பதையும் சொம்புதான் சொன்னது. ஸ்டேஷன் வாசலில் கொழுக்கட்டையும் சுக்குக் காப்பியும் விற்கும் செவ்வந்தியின் இடத்தை, போன வாரம் ஜீப் முதலாளி சிவசங்கருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் பரிகாரமாகச் செவ்வந்தியின் தோட்டைக் காணிக்கை வைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு கெடு. கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவளுக்குத் தன்னுடையது என்று வாய்த்தது அந்த நாலடி இடம்தான்.

"கயட்டிக் குடுத்துடுடி. கல்லு சொன்னா சொன்னதுதான்," என்றாள் பக்கத்தில் மலைத்தேன் விற்கும் இருசம்மாள்.

"ஆயிரம் வருசமா வாய தொறக்காத கல்லு, ரயிலு வந்தப்புறம் இன்னா இவ்ளோ பேசுது?"

அப்போது தட்டில் கிடந்த செவ்வந்தியின் போன் 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது. அதே தட்டிலிருந்த டம்ளரில் காப்பி நடுங்கியது. செவ்வந்தி காப்பியையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சித்தரின் பேனரைப் பார்த்தாள். 'முக்காலமும் அறிந்தவர்' என்று மேலே போட்டிருந்தது. கீழே, பரிகார முன்பதிவுக்கு ஒரு நம்பர்.

ஞாயிறு வந்தது.

"தோடு கொண்டாந்தியாம்மா?" என்றார் சித்தர்.

"போட்டுக்கினுதான் வந்துகிறேன், சாமி. குடுக்கறதுக்கு முந்தி வீரன ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கட்டுமா?"

கூட்டமே பார்க்கிறது. முடியாது என்றால் மரியாதை என்னாவது? "கேளு, கேளு," என்றார்.

செவ்வந்தி ஒரு கையை முந்தானைக்குள் விட்டபடி குரலை உயர்த்தினாள். "வீரனே! இந்தச் சாமி சொல்றதெல்லாம் புளுகுன்னா ஆடிக் காட்டு!"

தண்ணீர் நடுங்கியது. வழிந்து கல்லின் மூக்கில் சொட்டியது. சித்தர் திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால் போனும் கையுமாக நின்ற சீடர் ராசுவை முறைத்தார். ராசு பதறிப்போய், "நான் இன்னும் அடிக்கவே இல்லீங்க சாமி!" என்று கத்தினார்.

செவ்வந்தி தன் போனை வெளியே எடுத்தாள். "நான்தான் அடிச்சேன். பேனர்ல போட்டுகிற நம்பரு. நீங்களும் அடிச்சுப் பாருங்க."

அவ்வளவுதான். "சாமி இன்னிக்கு ஓடிடுவாரா?" என்று கேட்டு ஒருவர் போன் போட்டார், தண்ணீர் ஆடியது. "திரும்பி வருவாரா?" என்று இன்னொருவர் போட்டார், அதற்கும் ஆடியது. இருசம்மாள் சொம்பை இறக்கிப் பிரிமணையைப் பிரித்தாள். மல்லிகைக்குள் போன். பரிகாரத்துக்கு ஒன்று, அற்புதத்துக்கு ஒன்று என்று இரண்டு போன் வைத்துக்கொள்ள மனசு வராத சிக்கனக்காரர் சித்தர்!

அன்று ரயில் சொம்பைக் கேட்காமலே வந்தது. அதில்தான் சித்தர் ஏறினார். சிவசங்கர் ஜீப் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார். செவ்வந்தி தன் நாலடி இடத்தில், தோடு மின்ன, காப்பி ஆற்றினாள்.

அடுத்த ஞாயிறு இருசம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். "ஏண்டி, உன் போனு ராசியான போனாமே. ஒருவாட்டி தொட்டுக் கும்பிட்டுக்கட்டுமா?"

செவ்வந்திக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "யக்கா, அந்தாளு போனத்தான் ஆஃப் பண்ணச் சொன்னாரு. நீங்கல்லாம் எதுக்கு மண்டையையும் சேத்து ஆஃப் பண்ணீங்க? மொதல்ல அத ஆன் பண்ணு!"