மத்லப் பெயருக்கு ஓர் அர்ச்சனை

தமிழ்நாட்டு அரசியலை ஆண்டவனுக்கு அடுத்தபடியாக முழுசாக அறிந்தவர் எங்கள் மத்லப் அண்ணன் ஒருவர்தான். ஆண்டவன்கூடச் சில தேர்தல்களில் கடைசி நேரத்தில்தான் முடிவு சொல்கிறான். அண்ணன் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். இதில் விசேஷம் என்னவென்றால், அப்போது அவர் தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம் எனக்கு ஒரு மளிகைக் கடை. முருகன் புண்ணியத்தில் ஓடுகிறது. அண்ணன் சிப்பிகாட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி வரும் டெம்போ ஓட்டியவர். என் கடைக்குக் கத்திரிக்காயை இறக்கிவிட்டு, காலி வெங்காயப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார் என்றால் மற்ற கடைக்காரர்களெல்லாம் காய்க்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

மத்லப் என்றால் இந்தியில் 'அதாவது'; கேள்வியாகக் கேட்டால் 'அப்படியென்றால்?'. எங்கள் தீவில் தமிழர், பெங்காலி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசுவது இந்தியில் என்பதால், எங்கள் தமிழிலும் அந்த வார்த்தை உப்பு மாதிரிக் கலந்திருக்கும். எங்களுக்கு அது உப்பு. அண்ணனுக்கு அதுவே சாப்பாடு.

"மத்லப், இந்த ஆளு நிக்கப் போறான் அண்ணாச்சி. மத்லப், நின்னாலும் ஜெயிக்க மாட்டான். மத்லப், ஜெயிச்சாலும் அந்தக் கட்சியில இருக்க மாட்டான்."

அவருடைய சொந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் இடைவெளி கிடைத்ததில்லை.

எங்கள் தீவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. சீட். அதைப் பற்றி ஒரு டீ ஆறும் நேரம் பேசலாம். அதனால் அண்ணன் தமிழ்நாட்டுத் தொகுதிகளை மொத்தமாகத் தத்தெடுத்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கம் என் தகப்பனார் பிறந்த ஊரில் எந்தத் தெருவில் யாருக்கு ஓட்டு என்று எனக்கே பாடம் எடுப்பார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவி உள்ளேயிருந்து, "ஓட்டுப் போடப் போறதும் இல்ல, கேக்கப் போறதும் இல்ல. இதுக்கு ரெண்டு பேரும் மிளகாயைக் காம்பு கிள்ளலாம்" என்பாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் உள்ளதெல்லாம் எங்களுக்கு மெயின்லேண்ட். அங்கேயிருந்து பேப்பர் விமானத்தில் வரும். மழை பிடித்து விமானம் இறங்காமல் திரும்பிவிட்டால் அன்றைக்குப் பேப்பர் கிடையாது. அப்படி ஒரு நாள் நான் வம்புக்குக் கேட்டேன்.

"பேப்பரே வரலியே அண்ணே, இன்னைக்கு என்ன பேசுவீங்க?"

"நேத்துப் பேப்பர் இருக்குல்ல? இந்தப் பெரிய மனுஷன் 'உயிரே போனாலும் கட்சியை விட்டுப் போக மாட்டேன்'னு சொல்லியிருக்காரு பாருங்க."

"ஆமா."

"மத்லப், இன்னைக்குப் போயிருப்பாரு."

மறுநாள் வானம் வெளுத்து விமானம் வந்தது. போயிருந்தார்.

இதைக் கடைக்கு வந்த யாரோ செல்போனில் படம் பிடித்துப் போட, அண்ணன் பேச்சு கடல் தாண்டிவிட்டது. வெங்காயப் பெட்டியோடு அவரை மெயின்லேண்டில் பார்க்கத் தொடங்கினார்கள். பின்னால் தொங்கும் என் கடைக் காலண்டர் முருகனையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

அந்தச் சமயம் வண்டூர் படகு ஜெட்டியில் ஒரு சினிமாக் கம்பெனி படம் எடுக்க வந்தது. கப்பலிலிருந்து இறங்கும் கதாநாயகனுக்கு மாலை போட உள்ளூர்த் தலைவர் வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள். மாலை போட வேண்டும், சிரிக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் வேலை. அண்ணன் மாலையைப் போட்டார், சிரித்தார். அப்புறம், "மத்லப், இன்னைக்கு உனக்கு. எலெக்ஷன் முடிஞ்சா இதே மாலை வேற ஆளுக்கு" என்றார். கதாநாயகன் சிரித்ததில் மாலை அறுந்தது. டைரக்டர் அடுத்த படத்தில் மந்திரி வேஷம் தருகிறேன், சென்னைக்கு வா என்றார்.

அண்ணன் டெம்போவை விற்றுவிட்டுக் கிளம்பினார். போய் இறங்கியதும் போன் வந்தது.

"அண்ணாச்சி, ஆட்டோக்காரர்கிட்ட 'மெயின்லேண்ட்ல ரோடெல்லாம் நல்லா இருக்கே'ன்னு சொன்னேன். 'அது எந்த ஏரியா சார், மேப்ல காட்ட மாட்டேங்குது'ங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இதாங்க மெயின்லேண்டுன்னேன். 'இது கோடம்பாக்கம் சார்'னுட்டாரு. அப்புறம், அந்தமானுக்குப் போக பாஸ்போர்ட் வேணுமான்னு வேற கேட்டாரு."

படம் வந்தபோது தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. அண்ணன் மந்திரியாகக் காரிலிருந்து இறங்கி வாயைத் திறந்தார். வேறு யாரோ பேசினார்கள். கனமான, சுத்தமான குரல். 'அதாவது' என்கிறது அந்தக் குரல். ஆனால் அண்ணனின் உதடு ஒட்டிப் பிரிகிறது. "ஏங்க, அவரு மத்லப்னுதாங்க சொல்றாரு. 'அ'வுக்கு யாராச்சும் உதட்டை மூடுவாங்களா?" என்றாள் என் மனைவி. அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் யாரும் கதையைப் பார்க்கவில்லை, அண்ணன் உதட்டையே பார்த்தோம்.

அன்று போனில் அவர் மத்லப் போடாமல் பேசினார். "நம்ம பேச்சு அவங்களுக்குக் காது கூசுதாம் அண்ணாச்சி. என் குரலை எடுத்துட்டாங்க."

முருகன் பார்த்துக்கொள்வான் என்றேன்.

முருகன் பார்த்தான். ஒரு டி.வி. சேனல்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசியல்வாதிகளைப் பேட்டி காணும் நிகழ்ச்சிக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். நேரலை, குரல் மாற்ற வழியில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: முதல் நிகழ்ச்சியில் அந்த வார்த்தை ஒரு தடவை வந்தாலும் அடுத்த வாரம் வேறு ஆள். அப்படி நேர்ந்தால் ஊர் திரும்பி ஓட்ட அவருக்கு டெம்போகூட இல்லை.

போனிலேயே பயிற்சி நடந்தது. அவர் பேசுவார், வாய் தவறும்போதெல்லாம் நான் எடைக்கல்லால் தராசுத் தட்டைத் தட்ட வேண்டும். முதல் நாள் தட்டிய தட்டில், அண்ணாச்சி கடையில் பூஜை நடக்கிறது என்று இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். போகப் போகத் தட்டுவது குறைந்தது. பேச்சிலிருந்த காரமும் குறைந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோயிலுக்குத் தேங்காய் பழத்தோடு போனேன்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள்.

"மத்லப்."

"நானும் அதான் கேக்கறேன். மத்லப், யார் பேருக்கு?"

"பேரே அதுதான் சாமி."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"அப்ப சுவாமி பேருக்கே பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் சாமி. முருகனுக்கு எதுக்கு இன்னொரு அர்ச்சனை? வேலைக்கு ஆபத்து இவருக்குத்தான்."

குருக்கள் ஒரு பெருமூச்சு விட்டு, 'மத்லப் நாமதேயஸ்ய' என்று தொடங்கினார்.

கடை டி.வி. முன்னால் தெருவே கூடியது. பக்கத்துத் தையல்கடை பெங்காலி தாதாவும் வந்திருந்தார்; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அண்ணன்மேல் உள்ள பாசத்தில் வந்தவர். கோட்டுப் போட்ட அண்ணன் இஸ்திரி போட்ட தமிழில் பேசினார். எதிரே ஒரு பெரிய தலைவர்.

"உங்கள் தொகுதியில் பாலம் எப்போது வரும் ஐயா?"

"பாலம் என்பது கல்லால் கட்டுவதல்ல தம்பி, கனவால் கட்டுவது. கனவு கனியும் காலம் வரும். காலம் வரும்போது கரங்கள் சேரும். சேரும் கரங்களே எங்கள் கொள்கை."

அண்ணன் அவரையே பார்த்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார். உதடுகள் மெல்ல ஒட்டின.

"அய்யோ, 'ம'வுக்குப் போறாரு" என்று என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் என்னை அறியாமல் எடைக்கல்லை எடுத்துவிட்டேன்.

"மத்லப்?" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். தலைவர் வாயைத் திறந்தார், மூடினார், தண்ணீர் குடித்தார். "மத்லப்னா... அது வந்து... பாலத்துக்கு இன்னும் இடமே பாக்கல தம்பி."

அரங்கம் அதிர்ந்தது. எங்கள் கடையில், அதுவரை ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த தாதா துள்ளி எழுந்தார். முழு நிகழ்ச்சியிலும் அவருக்குப் புரிந்த ஒரே வார்த்தை அது. "சஹி பூச்சா, சஹி பூச்சா" என்று, சரியாகக் கேட்டார் என்பதை அவர்தான் எங்களுக்கே எடுத்துச் சொன்னார்.

அடுத்த வாரம் வேறு ஆள் வரவில்லை. வேறு பெயர்தான் வந்தது. நிகழ்ச்சிக்கே 'மத்லப்?' என்று பெயர் வைத்துவிட்டார்கள், கேள்விக்குறியோடு. காது கூசிய அதே ஊரில், இப்போது வீட்டுக்காரர் நீட்டி முழக்கினால் வீட்டுக்காரம்மா மத்லப் என்கிறாராம். எங்கள் தீவு, தமிழுக்கு ஒரு சிட்டிகை உப்பு கொடுத்திருக்கிறது என்று நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வாங்க வந்ததையே மறந்துவிடும்வரை சொல்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு அண்ணன் ஊர் வந்தார். சன்னதியில் குருக்கள் 'மத்லப் நாமதேயஸ்ய' என்று ஆரம்பிக்க, அண்ணன் வெட்கப்பட்டு, தன் சொந்தப் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் அண்ணே. முருகனுக்கு உங்களை இந்தப் பேர்லதான் தெரியும். இப்ப மாத்தினா, இது யாரு புதுசான்னு கேப்பாரு."

அண்ணன், கற்பூரப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று துடைத்துக்கொண்டார். கற்பூரம் அப்போது இன்னும் ஏற்றவே இல்லை.

ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போன பிறகுதான் கடை திறக்கிறேன். குருக்கள் இப்போதெல்லாம் யார் பேருக்கு என்று கேட்பதில்லை. என் தலையைக் கண்டதும் தொடங்கிவிடுகிறார். என் பெயரைத்தான் மறந்துவிட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.