இடைவெளி விட்டுப் பேசிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைப் பார்த்து "சாப்ட்டியா?" என்று கேட்டவள் நான். (கேட்டதோடு நிற்கவில்லை, அது பதில் சொல்ல நேரமும் கொடுத்தேன்.)

இரண்டாயிரத்தின் தொடக்கம். ஐயம்பேட்டைத் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து ஒரு பெட்டியோடும் ஸ்டவ்வோடும் வந்திறங்கியிருந்தேன். பகலெல்லாம் தறிச் சத்தம். தறிகள் ஓய்ந்ததும் தெருவுக்கு ஒரு மௌனம் வரும். அது நேராக என் அறைக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

அப்போதுதான் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, தற்காலிகமாக. கல்வி அதிகாரி வந்து பார்ப்பார். பாடம் நடத்தப் பயன்பட்டால் இங்கேயே இருக்கும், இல்லையென்றால் வேறு பள்ளிக்குப் போய்விடும். தலைமையாசிரியை சரோஜா அம்மா பட்டுத்துணி மிச்சத்தில் அதற்கு உறை தைத்துப் போட்டு, என்னிடம் ஒப்படைத்தார்.

மைக்கில் என் குரலையே பாடமாகப் பதிந்தேன். "மூணும் ரெண்டும் எத்தனை?" என்று கேட்டுவிட்டு இடைவெளி விடுவேன். குரல் நின்றால் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டாம் வகுப்பு நன்றாகப் பழகிவிட்டது. ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம்தான் பதிவாகும். (என் பேச்சை ஒரு நிமிஷம் முழுதாகக் கேட்ட ஜீவன் அந்த ஊரில் அது ஒன்றுதான்.)

சாயங்காலங்களில், காலி பெஞ்சுகளுக்கு முன்னால், மைக்கைச் சோதிக்க "ஹலோ ஹலோ" சொல்லி அலுத்து, மெல்லச் சொந்தக் கதைக்கு வந்துவிட்டேன். பழக்கதோஷம், அதிலும் இடைவெளி. அழிக்க மனசு வரவில்லை; பாடங்களோடு பாடமாகக் கிடந்தது.

அதிகாரி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவசரத்தில் எதையோ அமுக்கினேன். ஸ்பீக்கரில் என் குரல்:

"சாப்ட்டியா?"

"சாப்ட்டோம் டீச்சர்" என்றது மொத்த வகுப்பும்.

"எனக்கு இன்னைக்கும் ரசம்தான். ஒருத்திக்கு என்னத்த சமைக்கிறது, சொல்லு?"

"கருவாட்டுக் கொழம்பு வைங்க டீச்சர்" என்றது கடைசி பெஞ்சு.

மவுஸை இழுத்தேன். அம்பு அசையவில்லை. பட்டு உறையிலிருந்து பிரிந்த நூல், மவுஸின் வயிற்றில் உருளும் உருண்டையைச் சுற்றி நெய்தே விட்டிருந்தது.

"இந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "என்னத் தெரியும் டீச்சர்."

"நாளைக்கு வருவியா?"

வகுப்பு கொஞ்சம் குழம்பியது. "நாளைக்கு சனிக்கெழம டீச்சர். லீவு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இன்னா பாடம்மா?"

சரோஜா அம்மா முந்திக்கொண்டார். "பேச்சுப் பயிற்சி சார். புள்ளைங்க எப்டி பதில் சொல்லிக்கினு இருக்குது பாருங்க."

கம்ப்யூட்டர் தங்கிவிட்டது. மானம்தான் ஊர் சுற்றப் போனது. அன்று மாலையே மளிகைக் கடைக்காரர் புளியை மடித்துக் கொடுத்தபடி கேட்டார்: "இன்னிக்காவது கொழம்பா டீச்சர்?"

கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளுக்கும் இந்தக் கதை தெரிந்து தொலைந்தது. (சொன்னது அவள் அப்பா. இப்போது அவர் இல்லை; திட்டவும் வழியில்லை.) வேலைக்குப் போன பெங்களூரிலிருந்து போன் செய்தால், டீச்சர் குரலில் "சாப்ட்டியா?" என்று கேட்டு நிறுத்துவாள். மொத்த வகுப்பாக நான் ஒருத்தியே நின்று, "சாப்ட்டேன் டீச்சர்" என்பேன். சிரிப்போம்.

பிறகு என் முறை. "நாளைக்கு வருவியா?"

இடைவெளி.

"லீவு இல்லம்மா."