ஜாதிக்காய் போட்ட பால்

இனிமேல் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பதில்லை என்று முனிரத்தினம் முடிவு கட்டினார். எல்லாம் இந்தத் தெருப்பாவால் வந்த வினை. யார் வீட்டுத் தறிக்குப் பாவு என்றாலும், பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் சிக்கெடுத்துச் சுருட்டியாக வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் போய் நிற்க வேண்டும். போகாதவன் வீட்டுப் பாவுக்கு ஈ காக்கா வராது. அவர் வீட்டுப் பாவோ அடுத்த வாரம்.

போகவும் கூடாது, பொல்லாப்பும் வரக்கூடாது. மனுஷன் யோசித்து யோசித்து ஒரு வியாதியைக் கண்டுபிடித்தார்.

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல கமலாட்சி. விடியச்சொல்லதான் லேசா கண்ணு அசருது. அப்ப எழுப்பாத" என்றார் பெண்டாட்டியிடம்.

அவர் விட்ட குறட்டையில் ராத்திரி பூரா தூங்காதவள் கமலாட்சிதான். அதை அவள் சொல்லவில்லை. ஐயோ பாவம் என்று மட்டும் சொல்லி வைத்தியத்தில் இறங்கினாள்.

உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்தாள். ஜாதிக்காய் உரைத்துப் போட்டுச் சூடாகப் பால் கொடுத்தாள். முனிரத்தினம் புது மாப்பிள்ளை கணக்காகக் காலை நீட்டிக்கொண்டு, மறுநாள் ஏழு மணிக்கு எழுந்தார். அடடா, அதுவல்லவா சுகம்!

அடுத்த நாள் சாயங்காலக் காப்பி நின்றது. காப்பி தூக்கத்தைக் கெடுக்குமாம். பகல் தூக்கமும் கூடாதாம். இருட்டுவதற்குள் சாப்பாடு, அப்புறம் சர்வதீர்த்தக் குளம் வரைக்கும் நடை. விடியற்காலைத் தூக்கத்துக்காக எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி கவலையோடு வந்தார். மறுநாள் அவர் வீட்டுப் பாவு. தெருவுக்கே இருந்த ஒரே அலாரம் கடிகாரம் அவருடையது. அது ஸ்பிரிங் அறுந்து கிடக்கிறது. பன்னிரண்டு வீட்டை யார் எழுப்புவது?

"எங்க வீட்டுக்காரரு இருக்கச்சொல்ல கடிகாரம் எதுக்குண்ணே?" என்றாள் கமலாட்சி. "ராத்திரி பூரா முழிச்சிக்கினுதான் இருக்காரு. நாலு மணிக்கு வீடு வீடா கதவத் தட்டிடுவாரு."

முனிரத்தினம் அவசரமாகக் குறுக்கிட்டார். இப்போதெல்லாம் கொஞ்சம் தூக்கம் வருகிறதே என்று இழுத்தார்.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நீங்களே பாவுக்குப் போயிடலாம்" என்றாள் கமலாட்சி.

எழுப்பிவிடுகிறேன் என்று அவர் சட்டென்று தலையாட்டினார். கதவைத் தட்டுவதாவது கால் மணி வேலை, வந்து படுத்துக்கொள்ளலாம். கோதண்டபாணி கும்பிட்டுவிட்டுப் போனார்.

படுத்த பிறகுதான் வினை. நாலு மணி தவறினால் நூல் வெயிலில் கெட்டுப் போகும், தெருவே காறித் துப்பும். புரண்டு புரண்டு படுத்தார். கண் மூடவில்லை.

"கமலாட்சி, சத்தியமா தூக்கம் வரல. அந்த ஜாதிக்காய்ப் பால கொஞ்சம் கொடேன்."

"அத நான் குடிச்சிட்டேங்க" என்று கொட்டாவி விட்டாள் கமலாட்சி. "பாவுக்கு நான்தான போகணும், நாலு மணிக்கு என்னையும் எழுப்பி விட்ருங்க."