வேற்றுக் கை பட்டால் அலறும் திருகு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனார் மனம் நிறைந்த ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் மாமியாரும் சுகம். என் முழங்கால் வலியும் சுகமாகவே இருக்கிறது, என்னை விட்டுப் போகிற உத்தேசம் அதற்கு இல்லை. அங்கே நீயும் என் மகனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் மாமா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அவன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான். கேட்டுவிட்டு, "அப்பாவுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்பான். ஆகவேதான் நீ எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி முகவரிக்கே இதை அனுப்புகிறேன். படித்ததும் பத்திரப்படுத்தவும், அல்லது கிழித்துவிடவும்.

நல்ல செய்தி முதலில். நீ வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்து சப்வூஃபரை, அதுதான் அந்த அடித்தொனி ஸ்பீக்கர் பெட்டியை, செய்து முடித்துவிட்டேன்! ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையர் போர்டும் சில்லறைச் சாமான்களும்தான் கடையில் வாங்கியவை. பெட்டி முழுக்க முழுக்க என் கைவேலை. பரணில் கிடந்த பழைய கட்டில் பலகையை அறுத்து, இழைத்து, மூலைக்கு மூலை பசை வைத்து இறுக்கினேன். ஊருக்குத் தண்ணீர் விடும் இலாகாவில் முப்பத்தொரு வருடம் வால்வு பார்த்தவன் நான், தண்ணீரையே கசியவிடாதவனுக்குக் காற்று எம்மாத்திரம்? பாட்டைப் போட்டுவிட்டு மெழுகுவத்தியைப் பெட்டியின் இணைப்புகள் ஓரமாகச் சுற்றிக் காட்டினேன், சுடர் அசையவில்லை. சத்தம் எப்படி என்கிறாயா? சும்மா சொல்லக்கூடாது, காதுக்கு வருவதற்கு முன்னால் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் மாடியேறி வந்து, "சார், மிதிக்காமலே என் மெஷின் ஊசி ஆடுது" என்றார். இதைவிட ஒரு நற்சான்றிதழ் வேண்டுமா? அவர் அதைப் புகாராகச் சொன்னார் என்று உன் மாமியார் சொல்கிறாள். அவளுக்கு மனிதர்களின் உள்மனது புரியாது.

இனி கோளாறு. சத்தத்தைத் திறந்து மூடுகிற திருகு இருக்கிறதே, வால்யூம் கண்ட்ரோல், அது ஒரு மாதிரியாக நடந்துகொள்கிறது. நான் தொட்டால் பெட்டிப்பாம்பு. மூடினால் மூடுகிறது, திறந்தால் திறக்கிறது. வேறு யார் தொட்டாலும் அலறுகிறது. முதல் நாள் பாட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன், உன் மாமியார் சத்தத்தைக் குறைக்கலாம் என்று திருகில் கை வைத்தாள், அவ்வளவுதான், இடி விழுந்த மாதிரி ஒரு கும்மென்ற சத்தம், அடுப்படி அலமாரியிலிருந்து ஏழு தட்டும் ஒரு சல்லடையும் வரிசையாகக் கீழே இறங்கின, நான் தலை நிறைய சோப்போடு ஓடிவந்து பார்த்தால் அவள் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "குறைக்கத்தானேங்க திருப்பினேன்! குறைக்கத்தானே திருப்பினேன்!" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் தையல்காரர் வந்தார். நீங்களே வேண்டிய அளவு குறைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாக விட்டேன். இரண்டே விரலால், கைக்குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலத்தான் தொட்டார். அன்றைக்கும் பிளக்கைத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடா மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? கண்ட்ரோலுக்குள் தூசு என்று நினைத்து மருந்தடித்துத் துடைத்தேன். பலன் இல்லை. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினேன். அதுவும் அப்படியே. மூன்றாவது வாங்கப் போனபோது கடைக்காரர், "மூணு கண்ட்ரோலும் ஒரே மாதிரியா சார் கெட்டுப்போகும்?" என்று கேட்டார். சரக்கு உங்களுடையது, பதிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். மூன்றாவதும் அதே கதைதான். பிறகு கையின் ஈரமோ, உடம்பில் ஓடும் மின்சாரமோ என்று சந்தேகம் வந்து, உன் மாமியாரை ரப்பர் செருப்புப் போடச் சொல்லி, பாத்திரம் தேய்க்கும் கையுறையை மாட்டிவிட்டு, மரப்பலகை மேல் நிற்க வைத்துத் திருப்பச் சொன்னேன். திருப்பினாள். கையுறையைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். இதுவரை நடந்த சோதனைகளை வால்வு ரிஜிஸ்டர் எழுதுகிற ஒழுங்கோடு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். நான் திருப்பியது பதினான்கு தடவை, பதினான்கிலும் பிழையில்லை. மற்றவர்கள் ஒன்பது தடவை, ஒன்பதிலும் அலறல்.

இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், சிரிக்காதே. செய்தவன் கையை அந்தப் பெட்டி அடையாளம் கண்டுகொள்கிறது. எந்தக் கம்பெனியாவது இப்படி ஒன்றைச் செய்திருக்கிறதா? உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் மாமியார் கெடு வைத்துவிட்டாள். "பிள்ளைங்க மாசக் கடைசியில வர்றதுக்குள்ள அது ஒழுங்கா ஆகணும். இல்லேன்னா ஒயரைக் கழட்டிட்டு, மேல துணியை விரிச்சு டிவியை வச்சிடுவேன், சொல்லிட்டேன்!" சொன்னால் செய்கிறவள். ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருடத்தில் என் கையால் உருப்படியாக ஆன காரியம் இது ஒன்றுதான் அம்மா. அது டிவி ஸ்டாண்டாகப் போனால் என்னால் தாங்க முடியாது. நீயும் அவனும் சோபாவில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவன் வாயடைத்துப் போவதை நான் பார்க்க வேண்டும். ஆகவே எந்தச் சாமானை மாற்றுவது என்று உடனே பதில் எழுதவும்.

நீ கை வைத்த கருவியெல்லாம் முதல் தடவையிலேயே ஓட வேண்டும், உன் மாணவர்கள் விரலைச் சுட்டுக்கொள்ளாமல் தேற வேண்டும், நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அன்பு மாமா.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கவரை ஒட்டப்போகும் நேரத்தில் உன் மாமியார் வந்து, "எங்கே, நீங்க திருப்புங்க, நான் பார்க்கறேன்" என்று பக்கத்தில் நின்றாள். நான் வலப்பக்கம் திருப்பி, "இதோ மூடிட்டேன் பார்" என்றேன். அடங்கியது. அவள் என்னையே பார்த்தாள். "எல்லாரும் சத்தத்தைக் குறைப்பாங்க, கூட்டுவாங்க. நீங்க என்னங்க, மூடறேங்கறீங்க?" என்றாள். குழாயோ வால்வோ, வலப்பக்கம் திருப்பினால் மூடும், இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்றேன். போய் அடுப்படி ரேடியோவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அது அவளுடையது, நான் தொட்டதே இல்லை. டிவிக்கோ ரிமோட், திருகே கிடையாது. "இதை மூடுங்க" என்றாள். வலப்பக்கம் திருப்பினேன். ரேடியோ கத்தியது.

வால்வுப் பழக்கத்தில் எதையும் வலப்பக்கம் மூடுகிறவன் நான் ஒருவன்தான். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்ட்ரோலின் எந்தக் காலில் எந்த ஒயரை வைக்க வேண்டும் என்று நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். சின்னப் பெண், அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாள் என்று நான்தான் உன் படத்தைப் பேனாவால் திருத்தி, மூன்று கண்ட்ரோலிலும் மூன்று தடவை, வெகு கவனமாக இடம் மாற்றிச் சால்டர் வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

ஒயர்களை மாற்றிவிடலாம் என்று சால்டரிங் அயர்னைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது தையல்காரர் வாசலில் வந்து, "அந்தத் திருகு சரியாயிடுச்சாங்க?" என்று கேட்டார். நான் எழுந்திருப்பதற்குள் உன் மாமியார் வாசலுக்குப் போய்விட்டாள். "அதுல கோளாறே கிடையாதுங்க. ஊருக்கே தண்ணி திறந்து மூடின கை அது. வலப்பக்கம் திருப்பினா மூடணும்னு எங்க வீட்டுக்காரர் வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்கார்" என்றாள். கதவுக்கு இந்தப்பக்கம் நான் நின்று கேட்டேன். என் வேலையைப் பற்றி அவள் இன்னொருவரிடம் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டேன். நீ வரும்போது சத்தத்தைத் திறக்க இடப்பக்கமே திருப்பு அம்மா.