மேனேஜர் சாரின் சுறா

மூன்று நாளாகச் சுறா சாப்பிடவில்லை. அதனால் கிடங்கு சூப்பர்வைசருக்கும் சோறு இறங்கவில்லை.

இரண்டடி நீளச் சுறா. உடம்பெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு. சொந்தக்காரர் கம்பெனி மேனேஜர். "வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறாங்க, ரெண்டே வாரம் வச்சிருங்க" என்று கண்ணாடித் தொட்டியோடு அனுப்பி நான்கு மாதமாயிற்று. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். சுறாவை எவன் பிடித்துப் பார்ப்பான்? அதுவும், வெளியூரில் திறக்கவிருக்கும் புதுக் கிளைக்குத் தலைமை ஆள் தேடும் நேரத்தில்! பதவியோடு குடியிருக்கக் கம்பெனி வீடும் உண்டு.

"திருப்பிக் கொடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"புரமோஷன் லிஸ்ட் வரட்டும்டி. இப்பக் கொடுத்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும்."

மேனேஜருக்கு போன் போட்டார்.

"தொட்டி மூலையில மூக்கை இடிச்சிருக்கும்யா. மூலையே இல்லாத இடமா மாத்துங்க" என்றார் அவர்.

சோபாவை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு, கூடத்தில் வட்டமாக ரப்பர் குளம் வைத்து உப்புநீர் நிரப்பினார். சுறா சாப்பிட்டது. சோபா மழையில் ஊறியது.

குளத்துத் தண்ணீர் சூடேறியது. குளிரூட்டும் மெஷின் வந்தது. அதைப் போட்டால் ஃபியூஸ் போயிற்று. ஃபிரிட்ஜை நிறுத்தினால்தான் ஓடியது. ஃபிரிட்ஜில் இருந்ததோ சுறாவுக்கான கணவாய் மீன். வீடே நாறியது.

"மனுஷிக்கு வேர்த்து ஊத்துது. மீனுக்கு ஏசியா?"

"மெதுவாப் பேசு. அதுக்கு அதிர்ச்சி ஆகாதாம்."

"எனக்கு ஆகுமோ?"

குளுமை கண்ட தெம்பில் சுறா ஒருநாள் காலை துள்ளித் தரையில் விழுந்தது. ஈரத்துண்டில் பிடித்து உள்ளே விட்டார். மூடி வேண்டும். அவ்வளவு பெரிய மூடி எந்தக் கடையில் கிடைக்கும்? படுக்கையறைக் கதவைக் கழற்றிப் போட்டார். பாதிதான் மூடியது. குளியலறைக் கதவையும் கழற்றினார்.

மாமியார் அன்றைக்கென்று பார்த்து வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ளை, பாத்ரூமுக்குக் கதவு எங்க?"

"சுறா மேல இருக்கு அத்தை."

மாமியார் குளத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மகள் பக்கம் திரும்பி, "பெட்டியை எடு" என்றார்.

மனைவி வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். "கம்பெனி வீடு கிடைச்சா சொல்லி அனுப்புங்க. கதவு இருக்கான்னு பார்த்துட்டு வரேன்."

அவள் தலை மறைந்ததும் போன் அடித்தது. மேனேஜர்தான். "எப்படிய்யா இருக்கான் நம்மாளு?"

"பிள்ளை மாதிரி ஆயிட்டான் சார். இவனைப் பிரிஞ்சு ஒருநாள்கூட இருக்க முடியாது சார்" என்றார் சூப்பர்வைசர். முகஸ்துதிக்கு முதலீடு தேவையில்லை, தாராளமாகவே அள்ளிவிட்டார்.

"அடடா!" என்று மேனேஜர் நெகிழ்ந்துபோனார்.

அடுத்த வாரம் லிஸ்ட் வந்தது. கிடங்கில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒருவன் கிளைத் தலைவன். சுறாவை வைத்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் முதலில் அவனிடம்தான் கேட்டாராம். அவன் "முடியாது சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டானாம்.

சாயங்காலம் கம்பெனி டிரைவர் கணவாய்ப் பொட்டலத்தோடு வந்தார்.

"சார் கொடுத்தனுப்பினாருண்ணே."

குளத்தின் ஓரம் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் நிமிரவில்லை. "ஏம்ப்பா, லிஸ்ட் போட்ட மீட்டிங்குக்கு நீதானே அவரைக் கூட்டிட்டுப் போனே? என் பேரை ஒரு வார்த்தை சொல்லலையா அவரு?"

"அவரு எதுக்குண்ணே சொல்லணும், முதலாளியே உங்க பேரைத்தான் எழுதி வச்சிருந்தாரு, நம்ம சார்தான் கண்ணு கலங்கி, 'சுறாவை விட்டுப் பிரிஞ்சா அந்த மனுஷன் செத்தே போயிடுவாரு'ன்னு கெஞ்சிப் பேரை அடிக்க வச்சாரு!"