பாதி மூச்சு நாகலெட்சுமியுடையது

வத்தளையில் இருக்கும் தம்பி சோலைமலைக்கு, மஸ்கெலியா மேல்தோட்டத்து லயத்திலிருந்து உன் அக்கா சண்முகவடிவு எழுதுவது. நான் நலம். எல்லோரும் இதை வாய்க்கு வந்தபடி எழுதிவிடுகிறார்கள். நான் டொக்டர் என் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்துச் சொன்ன பிறகு எழுதுகிறேன், நம்பலாம். உன் நலத்தையும் உன் பெண்டாட்டி, மகள் லோஜினி நலத்தையும் நீயாக என்றைக்கும் எழுதியதில்லை, ஆகையால் நல்லபடி இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் நான் போனில் அழுததை இப்போது அழித்துவிடு. "அக்காவுக்குப் புற்றுநோய், இனி என்னைப் படத்துலதான் பாப்ப" என்று சொன்னதை அழித்துவிடு. என் தோடு இரண்டும் லோஜினிக்கு என்று சொன்னதையும் கூடவே அழித்துவிடு; தோடு என் காதில்தான் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. உன் கல்யாணத்தில் எனக்குத் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டதை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன் பார், அது சாகப்போகிறவள் சொன்னது, அதைப் பிறகு பேசிக்கொள்வோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ பாதியில் "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நாகலெட்சுமியை உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சிவசாமியின் சாவு வீட்டுக்கு வந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் பத்தலையே" என்று சொன்னாளே, அவள்தான். பச்சைச் சேலை கட்டியிருந்தாள், கறுப்புக் குடை, வாசலுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், பிணம் இன்னும் எடுக்கவில்லை. அன்றைக்கு நின்றது எங்கள் பேச்சு. அவர் வாய்ப் புற்றில்தான் போனார். கன்னத்தில் ஒரு புண், வெத்திலைச் சூடு என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க" என்று கேட்டார்கள். அவர் மடித்துக் கொடுத்த வெத்திலையையும் புகையிலையையும் நானும் ஆயுசு முழுக்க மென்றிருக்கிறேன். அதனால்தான் மூச்சை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் நம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வருகிறார்கள் என்று சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

வந்தவர்கள் பல்கலைக்கழகத்து ஆட்கள். பெரியவள் டொக்டர் சர்மிளா, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை, நமக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "உடம்புக்குள்ள நடக்கிறது கொஞ்சம் கொஞ்சம் மூச்சுல கலந்து வெளிய வருதும்மா. புற்று இருந்தா அந்தக் கலப்பு மாறும். நம்ம மூக்குக்குத் தெரியாது, மெசினுக்குத் தெரியலாம். ஊசி இல்ல, வெட்டு இல்ல. ஆனா இது இன்னும் ஆராய்ச்சிதான். மெசின் சந்தேகப்பட்டா நாங்க வாயைத் தொறந்து பாத்துத்தான் முடிவு சொல்லுவோம்." உடனே கூட்டத்தில் ஒருத்தி, "எம் புருசன் வாசலுக்கு வரும்போதே மூச்சை வச்சு எத்தனை கிளாஸுன்னு சொல்லிருவேன், என்னையும் அந்த மெசினோட வச்சுக்கங்க மிஸ்" என்றாள். டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெத்திலை போடாமல் வா என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், நானும் போடவில்லை. ஆனாலும் என் வாயைப் பார்த்துவிட்டு மறுபடி கொப்பளித்து வரச் சொன்னார்கள். பழைய சிவப்பு லேசில் போகிறதா? பைப்படியில் நின்று நின்று வரிசையின் கடைசிக்குப் போய்விட்டேன். எனக்குப் பின்னால் ஒரே ஒருத்திதான். ஆமாம், அவள்தான். ஊதுகிற பை பிஸ்கட் பக்கெட்டின் உள்பக்கம் மாதிரி மின்னியது. "இதுதான் கடைசிப் பை, மத்தவங்களுக்கு அடுத்த தடவை" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் பிள்ளை பெட்டியை மூடத் திரும்பிக்கொண்டது. நான் ஊதினேன். பாதிக்கு மேல் வரவில்லை. கண் பிதுங்க ஊதினேன், அப்போதும் பாதிதான்.

தம்பி, நீ சின்ன வயதிலேயே கொழும்புப் பக்கம் போய்விட்டவன், உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. அந்த மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒருத்திக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம். அதனால் பின்னால் நிற்கிறவள் தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளி முன்னால் நிற்கிறவள் பையில் போட்டுவிடுவாள். சொந்தக்காரியா சண்டைக்காரியா என்று அந்தக் கை பார்க்காது. சாவு வீட்டுக்குப் பிறகும் அவள் எனக்குப் போட்டிருக்கிறாள், நானும் அவளுக்குப் போட்டிருக்கிறேன், முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொள்வோம். அன்றைக்கும் அதேதான் நடந்தது. என் பை தொங்குவதைப் பார்த்தாள், பிடுங்கினாள், கன்னம் உப்ப ஒரே ஊது ஊதினாள், நிறைந்த பையை என் கையில் திணித்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டாள். நான் மூடியை அழுத்தி நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. குறைப் பையைக் கொடுத்தால்தான் தப்பு என்று பழகியவள் நான்.

பிறகுதான் டொக்டர் எனக்குப் போன் போட்டாள். "பயப்படாதீங்கம்மா, உங்க பையில ஒரு சந்தேகம். கண்டிக்கு வாங்க, வாயைப் பாத்துருவோம்" என்றாள். பயப்படாதே என்று ஒரு டொக்டர் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? உடனே உனக்குப் போன் போட்டு அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைக்கிறேன், வாசலில் நாகலெட்சுமி.

"வடிவக்கா."

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பிகிட்ட அழுதது கேட்டுச்சு. அந்தப் பையில பாதி என் மூச்சு."

"உன் பாதியிலதான் கோளாறு இருக்கும். என் பாதி கொப்பளிச்ச பாதி."

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. "இருக்கும்க்கா" என்றாள். "கொஞ்ச நாளா நாக்கு எரியுது. யாருகிட்டயும் சொல்லல. அண்ணனுக்கும் இப்பிடித்தானே ஆரம்பிச்சுச்சு?"

அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை. அதன் பிறகு என்ன செய்வது, உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றினேன். பழைய பேச்சு மனதில் இருந்ததால் சீனியை வேண்டுமென்றே அள்ளிப் போட்டேன். குடித்துவிட்டு, "இனிப்பு கொஞ்சம் கூடிருச்சு" என்றாள்.

கண்டிக்கு இரண்டு பேருமாகத்தான் போனோம். எனக்குச் சிங்களம் ஓடாது, அவளுக்கு அருவி மாதிரி வரும். ஆஸ்பத்திரியில் கேட்ட எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். என் வயதைக் கூட்டித்தான் சொல்லியிருப்பாள், நர்ஸ் என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தது. நடந்ததைக் கேட்டதும் டொக்டர் சர்மிளா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பையில ரெண்டு பேரா?"

"குறைஞ்சிருந்துச்சு மிஸ். குறையா எப்படிக் குடுக்கிறது?" என்றாள் நாகலெட்சுமி.

"அம்மா, இது கொழுந்து இல்ல."

"எனக்குத் தெரியுது மிஸ். கைக்குத் தெரியலையே."

"சரி. அன்னைக்குக் காலையில வெத்திலை போட்டீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "கடைசி ஆளுதானே, என் முறை வர்றதுக்குள்ள வாசம் போயிரும்னு நெனச்சேன்."

"புகையிலை?"

"ஒரு நுள்ளுதான் மிஸ்."

எனக்கு வந்த கோபத்தில் புற்றுநோய் மறந்துபோய்விட்டது. இவள் புகையிலைக்கு நான் உனக்குப் போன் போட்டு அழுது, தோட்டைக் கொடுத்து, தூணை மன்னித்திருக்கிறேன்! ஆனால் டொக்டர் விடவில்லை. ஆளுக்கு ஒரு பை, தனித்தனி அறை, வெளியே காவலுக்கு நர்ஸ். பிறகு வாயைத் திறந்து லைட் அடித்தாள். நாகலெட்சுமியின் நாக்கு எரிச்சலுக்குக் காரணம் உடைந்த பல் உரசுவது. என் கன்னத்தின் உள்ளேதான் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அதில் ஒரு துளி கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரருக்குப் புண் வந்ததும் அதே பக்கக் கன்னம்தான் தம்பி.

பதில் வரும்வரை நாகலெட்சுமிதான் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். நேற்று மறுபடி போனோம். புற்று இல்லை. இரண்டு பேருக்கும் இல்லை. "மொத மூச்சுல காட்டினது புகையிலையா, வேற எதுவுமான்னு எங்களால சொல்ல முடியாதும்மா. ஆனா அதனாலதான் இந்த வெள்ளைத் திட்டைப் பாத்தோம். விட்டுருந்தா என்னைக்காவது கெட்டதா மாறலாம். வெத்திலையை இன்னையோட விடுங்க, சொல்ற தேதிக்குத் தவறாம வாங்க" என்றாள் டொக்டர். கேட்டதும் நாகலெட்சுமி என்னைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அடுத்த அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நர்ஸ் சிங்களத்தில் திட்டியது. அவள் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஹற்றனில் இறங்கி உளுந்து வடை வாங்கி ஆளுக்குப் பாதி தின்றோம். வரும் வழியில் வெத்திலைப் பையைப் பாலத்திலிருந்து வீசினேன், அவளும் வீசினாள். பஸ் ஜன்னலில் குளிர் காற்று அடித்தது, வாய் நிறைய இழுத்து விட்டேன், மூச்சு விடுவது இவ்வளவு சுகம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. சாவு வீட்டுப் பேச்சை மன்னித்துவிட்டேன் என்று அவளிடமே சொன்னேன். மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இனி நாங்கள் அக்கா தங்கச்சிதான்.

உன்னையும் பெண்டாட்டியையும் பிள்ளையையும் மாரியம்மா ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொள்ளட்டும். நீயும் பாக்கு மெல்கிறாய் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து கண்ணாடியில் பார், பார்த்தாயா என்று நான் கேட்பேன்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உன் அக்கா
சண்முகவடிவு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தண்ணிக்குப் போனேன். பைப்படியில் நாகலெட்சுமி லயமே கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "வடிவக்காவுக்கு ஒரு பை நிரப்ப மூச்சு இல்ல. நான் ஊதலேன்னா மெசினு என்னத்தக் கண்டிருக்கும்? என் மூச்சாலதான் அவங்க உசுரு நிக்குது." புகையிலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் சொன்னேன், குடம் நிறைந்து வழியும்வரை சொன்னேன். ஆகவே அக்கா தங்கச்சி என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. பேச்சு மறுபடி நின்றுவிட்டது, இந்த முறை சாகும்வரை. அடுத்த தேதிக்கும் அவள் வந்தால்தான் எனக்கு ஆஸ்பத்திரியில் வாய் இருக்கும் என்பதால் பேசாமலே கூட்டிக்கொண்டு போவேன். காலைப் பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்கள் ஜன்னல் பக்கம் எனக்கு இடம் போட்டு வைக்க வேண்டும் என்று என் குடத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஜன்னல் எனக்கு" என்று அவள் தன் குடத்தைப் பார்த்துச் சொன்னாள்.