ஜன்னல் வழியாகக் கையாட்ட வேண்டாம்

ஓபர்மாட், மேல்வீடு.
இரண்டாம் புல்லறுப்பு முடிந்த வாரம்.

கனடா நாட்டில் குடியிருக்கும் என் உடன்பிறந்த தங்கச்சி அகாத்தாவுக்கு, அண்ணன் அம்ப்ரோஸ் வாயால் சொல்ல, கீழ்வீட்டு ஹெட்விக் கையால் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் பசுக்களும் சுகம். ஒரு பசுவுக்கு மட்டும் குளம்பில் வலி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை, கேட்டாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை ஹெட்விக் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். முதல் தடவை காது சரியில்லையோ என்று நினைத்தேன். எட்டு நாள் ரயில் பாஸ் வாங்கியிருக்கிறாய், சந்தோஷம். சூரிச், லூசேர்ன், பனிமலை, ஜெனீவா ஏரி, திரும்பவும் பனிமலை என்று எட்டு நாளும் நிரப்பியிருக்கிறாய், அதுவும் சந்தோஷம். அண்ணன் எந்த நாளில் வருகிறான் என்று காத்துக்கொண்டே கேட்டேன். நாலாம் நாளில் வந்தேன். "ரயில் ஃப்ளூலனில் இரண்டு நிமிஷம் நிற்கும். நீ நடைமேடையில் வந்து நில் அண்ணா, ஜன்னல் வழியாகக் கையாட்டுகிறேன். இறங்கினால் ஒரு நாள் பாஸ் வீணாகிவிடும், மலைமேல் உன் வீட்டுக்குக் கம்பியில் தொங்கி வரும் கயிற்றுப் பெட்டியோ பாஸிலேயே சேர்த்தி இல்லை." இதை எழுதின கைதான், அதே கடிதத்தில், இனி இந்தப் பக்கம் வர உடம்பு கேட்காது, இதுதான் கடைசி வரவு என்றும் எழுதியிருக்கிறது. கடல் தாண்டி வருகிறவளுக்கு அண்ணன் முகம் இரண்டு நிமிஷம் போதுமாம், அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஹெட்விக், இதை அப்படியே எழுது. "மாமா, கொஞ்சம் பதமா சொல்லுங்களேன்" என்கிறாள். பதமா சொல்றதுக்கு நான் என்ன வெண்ணெயா கடையறேன்.

எனக்கு எழுத்து தெரியாதே தவிர ஞாபகம் தெரியும். பெரிய பனிச்சரிவு விழுந்த வருஷம், ஆல்ட்டோர்ஃப் சந்தையில் அப்பா வாங்கச் சொன்ன வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு நீயும் நானும் ரயில் ஏறினோமே, மறந்துவிட்டாயா? பரிசோதகர் வந்தார், மீசை இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கினது, இடது கையில் மோதிரம். "ஆட்டுக்கு டிக்கெட் எங்கே"ன்னார். ஆறு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்களுக்குக் கட்டணம் இல்லைன்னு சொல்றாங்களே, இதுக்கு ரெண்டு வயசுதான்னேன். "பிள்ளையா இது"ன்னார். முகத்தைப் பாருங்க, எங்க அப்பா ஜாடைன்னேன். பெட்டி முழுக்கச் சிரிச்சுது, அவர் சிரிக்கலை. அடுத்த ஸ்டேஷனில் என்னையும் ஆட்டையும் இறக்கிவிட்டார். நீ இறங்கினாயா? இல்லை. "என் டிக்கெட் வீணாயிடும் அண்ணே"ன்னு சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையாட்டினாய். மழையில் நானும் ஆடும் நடந்து வந்தோம். வழியில் வெண்டலின் புனிதர் கோயில் வாசலில் நின்று, இனி ரயிலில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணினேன். ஆடு சாட்சி. இன்றுவரை வைக்கவில்லை. நீயும் இன்றுவரை மாறவில்லை.

கோபம் தாங்காமல் செவ்வாய்க்கிழமை கயிற்றுப் பெட்டியில் இறங்கி, பஸ் பிடித்து, ஃப்ளூலன் ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். கவுண்டரில் ஒரு பெண், நல்ல மரியாதைக்காரி. வாயைத் திறக்கும் முன்னே, "அரைக்கட்டண அட்டை இருக்குங்களா"ன்னு கேட்டாள். வருஷத்துக்கு ஒருதரம் பணம் கட்டி அதை வாங்கிட்டா எல்லா டிக்கெட்டும் பாதி விலையாம். இல்லைன்னேன். எனக்குப் பின்னால் வரிசையே மூச்சுவிடாமல் நின்றுபோச்சு. முதுகுப்பை மாட்டின ஒருத்தர், "அட்டை இல்லாம இத்தனை வருஷம் எப்படிங்க இருந்தீங்க"ன்னார். வீட்டில இருந்தேன்னேன். அதோடு விட்டார்களா? ஊராட்சியில் சொல்லி வெச்சா ஒருநாள் பாஸ் மலிவாக் கிடைக்கும்கிறார் அவர். முந்தியே வாங்கினா அதைவிட மலிவுங்கிறாள் ஒரு அம்மாள். அதெல்லாம் வேண்டாம், வருஷ பாஸ் எடுத்துட்டா யோசிக்கவே வேண்டாம்கிறார் இன்னொருத்தர். யோசிக்காமல் இருக்க அவ்வளவு பணமான்னு அந்த அம்மாள் அவரோடு சண்டைக்குப் போயிட்டாள். ஒரு ரயிலே வந்து போச்சு, யாரும் ஏறவில்லை.

எனக்கு இல்லை, என் தங்கச்சிக்கு, அவள் இப்போ வெளிநாட்டுக்காரின்னு சொன்னதும் கவுண்டர்காரி முகம் மலர்ந்துவிட்டது. வெளிநாட்டுக்காரங்களுக்குத்தான் எல்லா பாஸும். ரயில், கப்பல், பஸ், அருங்காட்சியகம் எல்லாம் அடங்குமாம். இங்கேயே பிறந்து இங்கேயே சாணி அள்ளுகிறவனுக்கு அது கிடையாதாம். சரி, அண்ணன் வீட்டில் ரெண்டு நாள் உட்கார்ந்து சாப்பிட நினைக்கிறவளுக்கு எந்த பாஸ் நல்லதுன்னு கேட்டேன். "அப்படின்னா தொடர் பாஸ் வேண்டாங்க. நாளைத் தேர்ந்தெடுக்கிற பாஸ் இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள எந்தெந்த நாள் வேணுமோ அதை மட்டும் எடுத்துக்கலாம், நடுவில எத்தனை நாள் வேணும்னாலும் சும்மா இருக்கலாம்"னாள். சும்மா இருக்கறதுக்கும் பாஸ் வெச்சிருக்கீங்களான்னேன். "சும்மா இருக்கிற நாளில் பாஸ் ஓடாதுங்க"ன்னு சிரிச்சாள்.

ஆக, வழி இருந்திருக்கிறது. உனக்கும் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் "கொஞ்சம் மலிவானதால் தொடர் பாஸே எடுத்தேன்" என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்தக் கொஞ்சம்தான் உன் அண்ணன். உனக்காக மக்ரோனியும் உருளைக்கிழங்கும் போட்டு, மேலே ஆப்பிள் கூழ் ஊற்றித் தர நினைத்தேன். உன் பழைய நாற்காலிக்குப் புதுக் கால் போட்டேன். அந்தக் கயிற்றுப் பெட்டி, பாஸில் இல்லை என்றாயே, அதில் பால் கேனோடு கேனாக உட்கார்ந்துதான் நீ பள்ளிக்கூடம் போனாய். ஹெட்விக் புருஷன்தான் இப்போது அதை ஓட்டுகிறான், "அகாத்தா அத்தைக்கு இலவசம், ஆடு கொண்டுவந்தாலும் இலவசம்" என்று சொல்லச் சொன்னான்.

முடிவாகச் சொல்கிறேன். பாஸை மாற்றிக்கொண்டு வந்து என் மேசையில் உட்கார். முடியாதென்றால் வரவே வேண்டாம். அந்த நடைமேடையில் வந்து ஆடு மாதிரி நிற்க மாட்டேன். "மாமா, 'வரவே வேண்டாம்'னு எழுதட்டுமா"ன்னு கேட்கிறாள் ஹெட்விக். எழுது. அழுத்தி எழுது.

உன்னையும் உன் பிள்ளைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் கடவுள் மழையில் நனையாமல் காக்கட்டும். உன் முழங்காலையும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் அம்ப்ரோஸ்
(சிலுவைக் குறி நானே போட்டது)

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஹெட்விக் சொன்னாள், பாஸை மாற்றினால் பணத்தில் பிடித்தம் போகுமாம். பிடித்தம் என்ற வார்த்தையைக் கேட்டால் நீ மாற்ற மாட்டாய், எனக்குத் தெரியும். மாற்ற வேண்டாம், வா. அந்தச் செவ்வாய்க்கிழமையே கவுண்டரில் படம் பிடித்து அரைக்கட்டண அட்டை ஒன்று வாங்கிவிட்டேன், கடிதத்தில் மேலே அதைச் சொல்ல மனசு வரவில்லை. சத்தியம் ஆட்டைச் சாட்சி வைத்துச் செய்தது, ஆடு செத்துப்போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. நாலாம் நாள் ஃப்ளூலனில் மக்ரோனிப் பானையோடு நிற்பேன். கையாட்டாதே, ரயில் பெட்டி வாசலுக்கு வந்து பானையை வாங்கு, இரண்டு நிமிஷம்தான். உன் பக்கத்து இடத்தைப் பிடித்து வை. எங்கே இறங்குவாய் அண்ணா என்று கேட்காதே. நிறைய தூரம் போனால்தான் அட்டைக்குப் போட்ட பணம் தேறுமாம், நடுவில் இறங்கினால் எனக்கும் வீண்தானே.